குநான் கேஸ்: 20 லட்சம் வெள்ளி செக்கை ஒரு கணக்குக்காரி படிச்ச விதம்

கம்பெனிக்காரன் அரசியல்வாதிக்கு காசு கொடுத்தா அது ஊழலா இல்லையான்னு எங்க ஆபிஸ்ல சாப்பாட்டு நேரத்துல அடிக்கடி சண்டை வரும், ஒரு பக்கம் "எல்லாம் திருட்டு கூட்டம்லா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, இன்னொரு பக்கம் "காசு இல்லாம கட்சி நடத்த முடியுமா, கொடி என்ன மரத்துலயா காய்க்குது"ன்னு கேப்பாங்க, அப்புறம் ரெண்டு கோஷ்டியும் டிபன் கேரியரை கழுவிட்டு வேலைக்கு போயிடும். நான் மலேசியாவுல, கோலாலம்பூர்ல, நாங்க சொல்ற கேஎல்ல, ஒரு சின்ன கட்டுமான கம்பெனியில இருபது வருசத்துக்கு மேல அக்கவுண்ட்ஸ் பாக்குறவ. சட்டம் படிச்சதில்ல, எந்த கட்சியிலயும் கார்டு கிடையாது. செக்கு, வவுச்சர், ரசீது இந்த மூணுதான் தெரியும். அதனால ஊழல் நல்லதா கெட்டதான்னு பொதுவா பேசாம ஒரே ஒரு செக்கை எடுத்து அது எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சு, அதை பார்த்த நீதிபதிங்க என்ன சொன்னாங்கன்னு வரிசையா பாக்கலாம்னு இருக்கேன்.

2016 மே 5-ஆம் தேதி சரவாக்ல ஒரு ஹெலிகாப்டர் விழுந்துச்சு, ஞாபகம் இருக்கும். அதுல சுங்கை பெசார் எம்பியும் கோலகங்சார் எம்பியும் இறந்துட்டாங்க. ரெண்டு தொகுதிக்கும் ஒரே நாள்ல, ஜூன் 18-ல, இடைத்தேர்தல் வச்சாங்க. அதுக்கு சரியா நாலு நாள் முன்னாடி, ஜூன் 14, கேஎல்ல வீடு கட்டி விக்கிற ஒரு டெவலப்பர் கம்பெனியோட இயக்குநர் கிட்ட இருந்து 20 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு செக் போகுது. போன இடம் தட்மன்சோரி ஹோல்டிங்ஸ்ங்கிற கம்பெனியோட பேங்க் கணக்கு. அந்த கம்பெனியில பங்கு இருக்கிறவர் தெங்கு அட்னான் தெங்கு மன்சோர், குநான்னு சொன்னாதான் நம்ம ஆளுங்களுக்கு தெரியும். அப்போ அவரு கூட்டரசு பிரதேச அமைச்சர், அதே நேரத்துல அப்போ நாட்டை ஆண்ட அம்னோ கட்சியோட பொதுச் செயலாளர்.

இந்த ரெண்டு பதவியும் ஒரே ஆளுகிட்ட இருந்ததுதான் கேஸோட முடிச்சே. பொதுச் செயலாளர்னா தேர்தல் வந்தா காசு திரட்டுறது அவரு வேலை, அதுல தப்பு சொல்ல முடியாது. கூட்டரசு பிரதேச அமைச்சர்னா கேஎல்ல நிலம், கட்டடம் சம்பந்தமா யாரும் அவரை தாண்டி யோசிக்க முடியாத நாற்காலி. இந்த ஊர்ல மாநகர் மன்றத்துக்கு தேர்தல் கிடையாது, டத்தோ பண்டாரை, அதாவது மேயரை, நியமனம்தான் பண்றாங்க, உங்க வீட்டு பக்கத்துல நாப்பது மாடி எழும்புதுன்னு கோவம் வந்தா ஓட்டு போட்டு தூக்க உங்களுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்ல. கேஎல் மாநகர் மன்றமான டிபிகேஎல் அனுமதி இல்லாம டெவலப்பர் ஒரு தூண் நட முடியாது. ஒரு ஏக்கர்ல எத்தனை வீடு கட்டலாம்ங்கிற அந்த ஒரு நம்பரை கொஞ்சம் ஏத்திக் கொடுத்தா போதும், டெவலப்பருக்கு கோடிக்கணக்குல வித்தியாசம் வந்துடும். எங்க கம்பெனி அவங்களுக்கு கீழ சப்-கான்ட்ராக்ட் எடுக்குற கம்பெனி, அந்த நம்பர் ஏறினா எங்களுக்கும் ரெண்டு மாடி வேலை கூட கிடைக்கும், அதனால இதை நான் வெளிய நின்னு சொல்லல.

2018-ல ஆட்சி மாறுச்சு. நவம்பர்ல அந்த செக்குக்காக குநான் மேல தண்டனைச் சட்டம் 165-ஆவது பிரிவுல குற்றம் சாட்டினாங்க. இந்த பிரிவை கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா பேப்பர்ல எல்லாம் "லஞ்ச வழக்கு"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. லஞ்சம்னா நம்ம மனசுல இருக்கிறது என்ன, நீ இதை செஞ்சு கொடு நான் அதை தரேன், அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல். 165-க்கு அது தேவையே இல்ல. பதவியில இருக்கிற ஒருத்தர், தன் வேலையோட சம்பந்தப்பட்ட ஆளுகிட்ட இருந்து, பதிலுக்கு விலை எதுவும் கொடுக்காம, மதிப்புள்ள ஒன்னை வாங்கினாலே போதும். ஃபைல்ல கையெழுத்து போட்டாரா, கட்டடம் எழும்புச்சா, அதெல்லாம் நிரூபிக்க வேண்டாம். அதிகபட்சம் ரெண்டு வருசம் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்ல ரெண்டும். தீபாவளிக்கு சப்ளையர் அனுப்புற ஹாம்பரை எங்க ஆபிஸ்ல ஏன் பதிவு பண்ணி வைக்க சொல்றாங்கன்னு இதை படிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சது.

குநான் தரப்பு சொன்னது எளிமையானது: அது எனக்கு வந்த காசு இல்ல, இடைத்தேர்தலுக்காக அம்னோவுக்கு வந்த அரசியல் நன்கொடை. தேதியை பார்த்தா நம்பலாம் போலத்தான் இருக்கு, ஓட்டுக்கு நாலு நாள் முன்னாடி எந்த கட்சிக்கு காசு தேவைப்படல. ஆனா செக்குல இருக்கிற பேரை பார்த்தா எந்த கணக்குக்காரிக்கும் புருவம் ஏறும், கட்சிக்கு வந்த காசு கட்சி கணக்குல இல்லாம ஏன் ஒரு தனியார் கம்பெனி கணக்குல போய் உக்காந்துச்சு? எங்க கம்பெனியில இப்படி ஒரு என்ட்ரி வந்தா ஆடிட்டர் வந்த முதல் நாளே அந்த பக்கத்துல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிடுவாரு.

2020 டிசம்பர் 21, உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் சைனி மஸ்லான் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாரு. 12 மாசம் ஜெயில், 20 லட்சம் வெள்ளி அபராதம். ஏழு மாசம் கழிச்சு, 2021 ஜூலை 16, மேல்முறையீட்டு நீதிமன்றத்துல மூணு நீதிபதிங்க உக்காந்தாங்க, ரெண்டு பேர் விடுதலைன்னு சொன்னாங்க, ஒருத்தர் மட்டும் தண்டனை சரிதான்னு தனியா எழுதினாரு. பெரும்பான்மை எதுவோ அதுதான் தீர்ப்பு, ஆகவே விடுதலை. சட்டப்படி அவரு குற்றமற்றவர், அதுல எனக்கு மறுபேச்சு கிடையாது.

ஆனா கூட்டிப் பார்க்குற புத்தி போகாதில்ல. மொத்தம் நாலு நீதிபதி, ஒரே செக், ஒரே பேங்க் ஸ்டேட்மெண்ட், ஒரே சாட்சிங்க. ரெண்டுக்கு ரெண்டு. படிச்ச பெரிய மனுசங்க நாலு பேர் வருசக்கணக்கா கட்டுக்கட்டா பேப்பரை படிச்சும் அந்த காசு நன்கொடையா இல்லையான்னு ஒத்த கருத்துக்கு வர முடியல. அவங்களை நான் குறை சொல்லல. நன்கொடைன்னா இப்படித்தான் இருக்கணும், இந்த கணக்குலதான் போகணும், இத்தனை நாளைக்குள்ள இங்க பதியணும்னு நம்ம நாட்டு சட்டத்துல எங்கயாவது எழுதி இருந்தாத்தானே அதை வச்சு அளக்க முடியும்?

மலேசியாவுல கட்சிங்க 1966-ஆம் வருச சங்கங்கள் சட்டத்துக்கு கீழ வருது, அதாவது உங்க ஊர் இளைஞர் மன்றமும் நாட்டை ஆளுற கட்சியும் ஒரே பதிவிலாகா. வருசா வருசம் கணக்கு கொடுக்கணும், ஆனா கொடுத்தவன் யாருன்னு ஜனங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கம்பெனி கட்சிக்கு எவ்வளவு வேணா கொடுக்கலாம், உச்சவரம்பு கிடையாது. நாங்க குடும்பத்தோட போற அம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனை சீட்டுக்கு நம்பர் இருக்கு, திருவிழாவுக்கு பத்து வெள்ளி எழுதினா ரசீது கிழிச்சு கையில கொடுத்து மைக்குல பேரையும் வாசிச்சிடுவாங்க, உபயம்னு எழுதி எழுதியே அங்க டியூப்லைட் வெளிச்சம் பாதி வெளிய வரமாட்டேங்குது. இருபது லட்சத்துக்கு அந்த அளவு ரசீதுகூட சட்டம் கேக்கல.

இந்த இடத்துல எங்க ஆபிஸ்ல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, அப்போ செக்கை நேரா கட்சி பேருக்கே எழுதி இருந்தா பிரச்சனையே இல்லல்ல?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிக்கிட்டு இருந்தேன். முஹிதீன் கேஸ் வந்து அந்த நினைப்பை கெடுத்துடுச்சு. 2023 மார்ச் 10-ஆம் தேதி முன்னாள் பிரதமர் முஹிதீன் யாசின் மேல அதிகார துஷ்பிரயோகம்னு நாலு குற்றச்சாட்டு போட்டாங்க, பதவியை பயன்படுத்தி தன் கட்சி பெர்சத்துவுக்காக 23 கோடியே 25 லட்சம் வெள்ளி வாங்கினாருன்னு. அங்க காசு கட்சிக்குத்தான் போச்சுன்னு அரசு தரப்பே சொல்லுது, அப்படி இருந்தும் கேஸ். அதே வருசம் ஆகஸ்ட் 15-ல உயர் நீதிமன்றம் அந்த நாலையும் தூக்கி போட்டுச்சு, 2024 பிப்ரவரி 28-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி உயிர் கொடுத்து விசாரணைக்கு அனுப்புச்சு. குற்றம் நிரூபணம் ஆகாத வரைக்கும் அவரும் நிரபராதிதான், நான் தீர்ப்பு எழுத வரல. நான் கவனிச்சது வேற, கட்சி கணக்குல போட்டாலும் கேள்வி வரும், சொந்த கம்பெனி கணக்குல போட்டாலும் விடுதலை ஆகலாம், அப்படின்னா கணக்கு நம்பரை மட்டும் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது.

கொடுத்தவனோட ஃபைல் அந்த நேரத்துல யார் மேசையில இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. அதை புரிஞ்சிக்க நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, அது நன்கொடை வழக்கே இல்லன்னு முதல்லயே சொல்லிடறேன், குழப்பிக்காதீங்க. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல ரிம்பா கியாரா பூங்கா இருக்கு. அதை ஒட்டி புக்கிட் கியாரா லயத்துல பழைய எஸ்டேட் பாட்டாளி குடும்பங்க, பெரும்பாலும் தமிழங்க, தோட்டத்தை எடுத்தப்போ வீடு தரேன்னு சொன்ன வாக்கை நம்பி 1980-கள்ல இருந்து காத்துக்கிட்டு இருந்தவங்க. பூங்காவுல உயர்மாடி கட்டுற திட்டத்துக்கு 2017-ல டிபிகேஎல் அனுமதி கொடுத்துச்சு, இந்த குடும்பங்களுக்கும் அதுலயே வீடுன்னு சொன்னாங்க. குடியிருப்புவாசிங்க வழக்கு போட்டு கடைசியில 2023 ஏப்ரல் 18-ல கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து பண்ணிடுச்சு. காரணங்கள்ல ஒன்னு, திட்டத்துல பங்காளியா இருந்த யாயாசான் விலாயா பெர்செகுத்துவான்ங்கிற அறக்கட்டளையோட அறங்காவலர் குழுவுல அனுமதி கொடுக்க வேண்டிய டத்தோ பண்டாரே இருந்தாரு. விண்ணப்பம் போடுற பக்கமும் அவரு, கையெழுத்து போடுற பக்கமும் அவரு. அங்க யாரும் யாருக்கும் கவர்ல காசு கொடுத்ததா வழக்கு இல்ல, நாற்காலிங்க ரெண்டும் ஒட்டி இருந்ததே நீதிமன்றத்துக்கு போதுமான தப்பா இருந்துச்சு.

இதை வச்சு அந்த 14 ஜூன் செக்கை திரும்ப பாருங்க. கொடுத்த மனுசன் மனசார கட்சிக்குன்னு கொடுத்திருக்கலாம். வாங்கினவரும் மனசார கட்சிக்குன்னு வாங்கியிருக்கலாம். ஆனா வாங்கினவர் கட்சி பொதுச் செயலாளரா மட்டும் இருந்திருந்தா கேஸே வந்திருக்காது, டெவலப்பரோட தலையெழுத்தை எழுதுற இலாகா அவருகிட்ட இருந்ததாலதான் 165 வந்துச்சு. காசு திரட்டுற வேலையையும் அனுமதி கொடுக்குற இலாகாவையும் ஒரே ஆளுகிட்ட கொடுத்தது கட்சி, அதை தடுக்காம விட்டது சட்டம். என்னை கேட்டா அந்த 20 லட்சத்தை விட இதுதான் பெரிய அசிங்கம், இன்னிக்கும் யாரும் அதுக்காக கோர்ட் படி ஏறினதில்ல.

நன்கொடைங்கிற வார்த்தை இந்த ஊர்ல எப்படி நாறிப்போச்சுன்னும் சொல்லணும். 2012-ல சபா அம்னோவுக்கு வந்த 4 கோடி வெள்ளி அரசியல் நன்கொடைதான்னு நாடாளுமன்றத்துலயே அமைச்சர் பதில் கொடுத்தாங்க, ரெண்டு நாள் பேசிட்டு விட்டுட்டோம். 2015 ஜூலையில 260 கோடி வெள்ளி. அப்போதைய பிரதமர் நஜிப்போட சொந்த கணக்குல அவ்வளவு காசு வந்திருக்குன்னு செய்தி வெடிச்சப்போ வந்த பதில் "டெர்மா", மலாய்ல நன்கொடைன்னு அர்த்தம். 2016 ஜனவரி 26-ல அப்போதைய சட்டத்துறை தலைவர் அபாண்டி அலி, 68 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர் சவூதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை, அதுல 62 கோடி டாலரை திருப்பி கொடுத்தாச்சுன்னு சொல்லி ஃபைலை மூடினாரு. எங்க அம்மா அன்னிக்கு டிவி முன்னாடி உக்காந்துக்கிட்டு "கொடுத்த மொய்யை எவன்டா திருப்பி கொடுப்பான்"னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் நடந்தது தெரிஞ்சதுதான், எஸ்ஆர்சிங்கிற அரசாங்க கம்பெனி வழக்குல 4 கோடியே 20 லட்சம் வெள்ளிக்கு 2020 ஜூலை 28-ல தண்டனை, 2022 ஆகஸ்ட் 23-ல கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி பண்ண காஜாங் ஜெயிலுக்கு போனாரு, 2025 டிசம்பர் 26-ல ஒன் எம்டிபிங்கிற அரசாங்க முதலீட்டு கம்பெனி வழக்குலயும் உயர் நீதிமன்றம் அரபு நன்கொடை கதையை ஏத்துக்காம குற்றவாளின்னு சொல்லி 15 வருசம் கொடுத்துச்சு.

நஜிப் கேஸையும் குநான் கேஸையும் ஒரே கூடையில போடக் கூடாது. அது அரசாங்க கம்பெனியில இருந்து களவு போன காசுக்கு நன்கொடைன்னு பேர் வச்சது, இது நிஜமான ஒரு வியாபாரி நிஜமான செக்கு எழுதி கொடுத்தது. ஆனா வெளிய இருந்து பாக்குற சாதாரண ஆளுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஏன்னா ரெண்டுலயும் சொன்ன வார்த்தை ஒன்னு, ரெண்டுலயும் ஜனங்க பாக்குற மாதிரி முன்கூட்டியே பதிஞ்ச ரசீது இல்ல. யோக்கியமா கொடுக்குறவனுக்கும் இதுல கஷ்டம்தான், தான் யோக்கியன்னு காட்ட அவன்கிட்ட ஒரு துண்டு பேப்பர் கிடையாது.

நஜிப்பே 2015-ல, அந்த களேபரத்துக்கு நடுவுல, அரசியல் நிதி பத்தி ஆராய ஒரு தேசிய குழு போட்டாரு, அமைச்சர் பால் லோ தலைமையில. 2016-ல 32 பரிந்துரை கொடுத்தாங்க, வெளிநாட்டு காசு கூடாதுன்னு எல்லாம். நஜிப் போயி மகாதீர் வந்தாரு, முஹிதீன் வந்தாரு, இஸ்மாயில் சப்ரி வந்தாரு, அன்வார் வந்தாரு. எதிர்க்கட்சியில இருக்கும்போது எல்லாருக்கும் இந்த சட்டம் அவசரம், ஆட்சிக்கு வந்து புத்ராஜெயாவுக்கு போனதும் "ஆய்வுல இருக்கு". எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, தேர்தலுக்கு காசு கேக்குற போன் நம்பர் யார்கிட்ட இருக்கோ அவங்கதானே சட்டம் எழுதணும்.

சிங்கப்பூர்காரன் 2000-லயே அரசியல் நன்கொடை சட்டம் போட்டு வெளிநாட்டு காசை அடைச்சு, பேர் சொல்லாம கொடுக்குறதுக்கு வருசத்துக்கு 5,000 டாலர்னு எல்லை வச்சிட்டான், அவ்வளவுதான் கதை. இந்தியா கதை இன்னும் சுவாரசியம், நம்ம ஆளுங்க தினம் தமிழ்நாட்டு செய்தி பாக்குறதால தெரிஞ்சிருக்கும். அங்க கம்பெனிங்க லாபத்துல 7.5 சதவீதம் வரைக்கும்தான் கட்சிக்கு கொடுக்கலாம்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 2017-ல அதை எடுத்துட்டாங்க, கூடவே தேர்தல் பத்திரம்னு ஒன்னை கொண்டு வந்தாங்க, யாரு யாருக்கு கொடுத்தான்னு பேங்குக்கு தெரியும், ஓட்டு போடறவனுக்கு தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணி பட்டியலை வெளிய போட சொல்லுச்சு. பட்டியல் வந்தப்போ திமுகவுக்கு பத்திரம் வழியா வந்த 656.5 கோடி ரூபாயில 509 கோடி லாட்டரி மார்ட்டினோட ஒரே கம்பெனி கொடுத்ததுன்னு தெரிஞ்சது, பாஜகவுக்கு எல்லாரையும் விட பல மடங்கு அதிகம். அப்பதான் பத்திரிகைக்காரங்க எந்த கம்பெனிக்கு எப்போ ரெய்டு போச்சு, எப்போ டெண்டர் கிடைச்சது, எப்போ பத்திரம் வாங்கினாங்கன்னு தேதியை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க ஆரம்பிச்சாங்க. அந்த பட்டியல்ல இருக்கிறவங்க எல்லாரும் குற்றவாளி இல்ல. ஆனா தேதியை ஒப்பிட்டு பாக்க ஒரு வாய்ப்பு கிடைச்சது பாருங்க, குநான் கேஸ்ல ஆட்சி மாறி, விசாரணை அதிகாரி வந்து, கோர்ட்ல குற்றச்சாட்டு வாசிச்சதுக்கு அப்புறம்தான் ஜூன் 14-ங்கிற தேதியே நமக்கு தெரிய வந்துச்சு. 2018-ல ஆட்சி மாறலன்னா?

சரி, பெரிய இடத்து கதையை விட்டுட்டு நான் கண்ணால பார்த்ததுக்கு வரேன். எங்க அக்கா வீட்டுக்காரர், அத்தான், செந்தூல்ல ஒரு சின்ன பேனர் கடை வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமைல நான்தான் அவருக்கு கணக்கு எழுதி கொடுப்பேன். 2018 தேர்தல் சமயம், மே 9 ஓட்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கடையில மெஷின் அணையவே இல்ல, தரையெல்லாம் பன்டிங்கும் வெட்டு துண்டும், மை வாசனையில தலை சுத்தும், அக்கா சோறை கடைக்கே கொண்டு வந்துடுவா. ஒரு வேட்பாளரோட ஆளு வந்து ஆர்டர் கொடுத்தாரு, எந்த கட்சின்னு சொல்ல மாட்டேன், வர்ற தேர்தலுக்கும் அத்தான் கடை நடக்கணும். சரக்கு எடுத்துட்டு போகும்போது அந்த ஆளு ஒரு துண்டு சீட்டை நீட்டி "பில்லை இந்த கம்பெனி பேர்ல போட்டுடுங்கண்ணே"ன்னு சொன்னாராம். பூச்சோங்ல ஏதோ ரெனொவேசன் கம்பெனி. விவரம் போடுற இடத்துல "காலண்டர், பிரோஷர் அச்சடிப்பு". மே மாசத்துல எவன் காலண்டர் அடிக்கிறான்?

"என்னா அத்தான் இது, பேனர் அடிச்சிட்டு காலண்டர்னு எழுதி வச்சிருக்கீங்க"ன்னு கேட்டேன். அவரு மெஷினை துடைச்சிக்கிட்டே, "செக்கு பாஸ் ஆச்சாம்மா? ஆச்சு. அதோட விடு"ன்னாரு. நானும் விட்டேன். விற்பனைன்னு ஏத்திட்டு பக்கத்தை திருப்பிட்டேன், நான் ஒன்னும் உத்தமி இல்ல.

அந்த ஒரு பில்லுல எத்தனை விசயம் மறைஞ்சு போச்சுன்னு அப்புறமாதான் யோசிச்சேன். 1954-ஆம் வருச தேர்தல் குற்றச் சட்டத்துல ஒரு வேட்பாளர் நாடாளுமன்ற தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்றத்துக்கு 1 லட்சம் வெள்ளி வரைக்கும்தான் செலவு பண்ணலாம்னு இருக்கு, முடிவு கெசட்ல வந்து 31 நாளுக்குள்ள கணக்கும் கொடுக்கணும். அந்த பேனரு அந்த கணக்குக்கு உள்ள வர வழியே இல்ல, ஏன்னா ரெக்கார்டுபடி அது ஒரு ரெனொவேசன் கம்பெனி அடிச்ச காலண்டர். கட்சி கணக்குலயும் வராது, கட்சிக்கு காசே போகலயே. கம்பெனி கணக்குல விளம்பர செலவா உக்காந்து அனேகமா வரியிலயும் கழிஞ்சிருக்கும். இதுல யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுத்தாங்கன்னு நான் சொல்லல, அந்த கம்பெனிக்காரர் வேட்பாளரோட பால்ய சிநேகிதனா கூட இருக்கலாம். ஆனா அஞ்சு வருசம் கழிச்சு அந்த கம்பெனிக்கு ஒரு பள்ளிக்கூட கூரை மாத்துற கொன்ட்ராக்ட் கிடைச்சா, அதையும் இந்த பில்லையும் சேர்த்து பாக்க உலகத்துல யாராலயும் முடியாது, என்னையும் அத்தானையும் தவிர.

எங்க கம்பெனியிலயும் உண்டு. கட்சி நிதி திரட்டுற விருந்துன்னு கார்டு வரும், "ஒரு மேசை எடுத்துக்குங்க"ன்னு போன் வரும், பத்து பேர் உக்கார்ற மேசை. முதலாளிக்கு சந்தோசமான்னா இல்ல, முகம் சுண்டிப்போகும், ஆனா வேணாம்னு சொல்ல மாட்டாரு, கேக்குற ஆளு யாருன்னு பார்த்துத்தான் எத்தனை மேசைன்னு முடிவு. ஒரு தடவை வவுச்சர்ல "என்டர்டெயின்மென்ட்"னு எழுத சொன்னாரு. அரசியல் நன்கொடைக்கு வரி கழிவு கிடையாது, என்டர்டெயின்மென்ட்னா பாதி கழிக்கலாம், அதான் விசயம். "இல்ல முதலாளி, இதை நன்கொடைன்னே எழுதி வரி கணக்குல திருப்பி கூட்டிடறேன்"ன்னு சொன்னேன். "உனக்கு ஏம்மா இந்த வம்பு"ன்னு கேட்டாரே ஒழிய கையெழுத்து போட்டாரு. 2020 ஜூன் 1-ல இருந்து ஊழல் தடுப்பு சட்டத்துல 17ஏ பிரிவு வந்துச்சு, கம்பெனிக்கு லாபம் வர்றதுக்காக கம்பெனி ஆளு யாராவது கையூட்டு கொடுத்தா கம்பெனியே மாட்டும், குறைஞ்சது 10 லட்சம் வெள்ளி இல்ல கொடுத்ததுல பத்து மடங்கு, எது அதிகமோ அது. அதுக்கு அப்புறம் முதலாளிக்கு மேசை வாங்குறதுல கொஞ்சம் பயம் வந்துச்சு. போன் வர்றது நிக்கல, பயத்தோட வாங்குறாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்க்கட்சி எம்பிங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். ஆளும் கட்சி எம்பிக்கு கிடைக்கிற தொகுதி ஒதுக்கீடு அவங்களுக்கு அப்படியே கிடைக்காது. ஆனா சாவு வீட்டுக்கு காசு, பள்ளிக்கூட விளையாட்டு போட்டிக்கு காசு, பிரகாரம் பூச கோயிலுக்கு காசுன்னு நாம போய் நிக்கிறது எல்லார் வாசல்லயும்தான். ஒய்.பி., அதாவது எம்பி, இருநூறு வெள்ளி எழுதினா "இவ்வளவுதானா"ன்னு முகம் சுளிக்கிறோம். அவரு எங்க போவாரு, மேசை விக்கத்தான் போவாரு.

ஆக, அந்த 20 லட்சம் ஊழலா? கோர்ட் இல்லன்னு சொல்லிடுச்சு, நான் அதை மாத்தி பேசப் போறதில்ல. கம்பெனி கட்சிக்கு கொடுக்குறதே அசிங்கம்னும் நான் நினைக்கல. ஆனா அனுமதி கேக்குற கம்பெனி, அனுமதி கொடுக்குற இலாகா அமைச்சரோட சொந்த கம்பெனி கணக்குல காசு போடுது, அது நாலு வருசம் கழிச்சு நாலு நீதிபதி முன்னாடி நன்கொடையா இல்லையான்னு விவாதம் ஆகுது, அதுக்கு அப்புறமும் அதே மாதிரி ஒரு செக்கை நாளைக்கு காலையில எழுதினா ஜனங்களுக்கு தெரியப்படுத்தணும்னு ஒரு ஃபாரம்கூட இல்லன்னா, அதை ஊழல்னு சொல்லாம வேற எந்த வார்த்தையை சொல்றதுன்னு எனக்கு தெரியல. குநானை சொல்லல, அந்த இல்லாத ஃபாரத்தை சொல்றேன்.

போன மாசம் அத்தான் போன் பண்ணாரு. வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட்ல பெரிய கம்பெனிங்கள்ல ஆரம்பிச்ச இ-இன்வாய்ஸ் இப்போ படிப்படியா இறங்கி வருதில்ல, அதை எப்படி போடறதுன்னு கேட்டாரு. பில்லு வாங்குறவங்க பேரு, வரி நம்பர் எல்லாம் போட்டு அனுப்பணும் அத்தான், அது நேரா அவங்க சிஸ்டத்துக்கு போயிடும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, மெஷின் ஓடுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "அப்போ தேர்தல் வந்தா எவன் நம்பரைமா போடறது?"ன்னாரு. "சரக்கு எடுக்க வர்றவங்களயே கேளுங்க அத்தான்"னு சொல்லிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்னு வச்சிட்டேன்.